பன்னிரண்டு மணி வலி

அன்று காலை பத்தரை மணிக்கு மூன்றாம் எண் அறையில் இருந்தவர்கள்:

வைதேகி, தென்மண்டலத் தொலைவினை நிலையத்தின் தலைமைப் பொறியாளர். வலது கடைவாயில் எப்போதும் ஒரு கிராம்பு.

டாக்டர் ஜமீலா, எலும்பு மருத்துவர். கையில் நீல அட்டை போட்ட நோட்டு.

சேர்மக்கனி, தூத்துக்குடியில் மீன் விற்பவர். வலது மணிக்கட்டில் கட்டு. எதற்காக அழைத்து வந்திருக்கிறார்கள் என்று அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

எபனேசர், இங்கே நின்று தொலைவில் இருப்பதைத் திருகும் தொலைப்பிடிகாரர், தொழிற்சங்கச் செயலாளர்.

மாசானமுத்து, தொலைப்பிடிகாரர். பதினெட்டு வருட வேலை. கைராசிக்காரர் என்று பெயர்.

மூலையில், இடுப்பு உயரத்தில், சாம்பல் நிற உறை போர்த்திய சுமைதாங்கி எண் ஏழு. அதை யாரும் ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக உள்ளே வந்தவர் மாசானமுத்து. அவர் நுழைந்ததும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மேல்மாடியில் ஒருவர் விரலால் ஒரு திருகு திருக, இங்கே பூட்டு விழுந்தது. நிலையத்தில் எல்லாக் கதவும் அப்படித்தான். கட்டடம் முழுக்கத் தேடினாலும் ஒரு தாழ்ப்பாள் கிடைக்காது. பூட்டு விழுந்த நேரத்தில் மாசானமுத்துவின் இடது தொடைக்குள் கட்டெறும்பு கடித்தாற்போல் சுருக்கென்றது. அதுவும் வழக்கம்தான். இரண்டு வருடம் முன்பு வரை அது கொசு உட்கார்ந்த அளவுக்குத்தான் இருந்தது.

"டாக்டர், நீங்களே சொல்லிடுங்க" என்றார் வைதேகி.

ஜமீலா நோட்டைத் திறந்தார். "எங்கிட்ட பதினாலு பேர் இருந்தாங்க. எல்லாருக்கும் ஒரே பெட்டியில வந்த எலும்புப்பசையைத்தான் போட்டேன். உடைஞ்ச எலும்பை ஒட்டுறதுக்கு. சிலருக்கு இடுப்பு, சிலருக்கு முதுகு, இவங்களுக்கு மணிக்கட்டு. ஒன்பது பேர் செத்துட்டாங்க. விழுந்து சாகல. உட்கார்ந்த இடத்துல, படுத்த இடத்துல, உள்ளே இருந்து எலும்பை யாரோ பிடிச்சு முறுக்கினது மாதிரி. மூணாவது ஆளுக்கு அப்புறம் செத்த நேரம், பெரிய வலி வந்த நேரம் எல்லாத்தையும் குறிச்சுவைக்க ஆரம்பிச்சேன்."

வைதேகி தன்னுடைய பதிவேட்டை அதன் பக்கத்தில் வைத்தார். மேலக்கானல் அணையின் மதகு திறந்த நேரங்கள், பெரும்பாலும் பகல் பன்னிரண்டு. இரண்டு பக்கத்திலும் விரல் வைத்து இறங்கிக்கொண்டே வந்தார். அதே நாள், அதே மணி, அதே நிமிடம். பதினேழு வரிகள்.

எபனேசர் சிரித்தார். "மத்தியானம் பன்னண்டு மணிக்கு ஜில்லாவுல ஆயிரம் பேருக்கு எதாவது வலிக்கத்தான் செய்யும் டாக்டரம்மா. எனக்கு வயிறு வலிக்கும், பசியில."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

சோடிக்கல் வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே தாய்க்கல்லைப் பிளந்து ஒரு துண்டை இங்கேயும் மற்றதைக் கடல் தாண்டியும் வைத்தாலும், ஒன்றைத் திருகினால் மற்றது அதே நொடியில் திரும்பும். நடுவில் கம்பி கிடையாது. அலை கிடையாது. எப்படி என்று கேட்டவர்களிடம் விஞ்ஞானிகள், நிலா கடலை இழுக்கிறதே, அதற்குக் கயிறு எங்கே என்று முன்பு கேட்டீர்களா என்றார்கள். கேட்டவர்களும் சும்மா இருந்துவிட்டார்கள். வேலை நடந்தால் சரி. துபாயில் இருக்கும் தகப்பன் அங்கிருந்தபடி திசையன்விளையில் பிள்ளையின் தொட்டிலை ஆட்டுகிறான். அமெரிக்காவில் இருக்கும் மகன் அங்கிருந்தபடியே இங்கே அப்பாவுக்குக் கொள்ளி வைக்கிறான். மலை மேல் இருக்கும் அணைக்கு ஆள் போகவேண்டிய தேவையே இல்லாமல் போய்ப் பதினோரு வருடம். மதகில் இருந்த கைச்சக்கரத்தைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். மேலக்கானல் சாலையைக் காடு தின்றுவிட்டது.

ஆனால் எதையாவது தள்ளினால் அது உங்களையும் தள்ளும். எந்தக் கல்லும் அந்தக் கணக்கை மாற்றவில்லை. முதல் சில வருடங்களில் இங்கே பிடியைத் திருகியவர்களின் தோள், மலையில் இருந்த மதகின் கனத்தை அப்படியே வாங்கியது. மூட்டு விலகியவர்கள் பத்துப் பதினைந்து பேர். எபனேசர் தலைமையில் நாற்பத்தோரு நாள் வேலைநிறுத்தம். 'கை வலிக்காத வேலை' என்று சுவரெல்லாம் எழுதினார்கள். ஜெயித்தார்கள். அப்போது வந்ததுதான் சுமைதாங்கி. மதகுப் பிடியோ கதவுப் பிடியோ, திரும்பி வரும் அடியை இந்தக் கல் வாங்கிக்கொள்ளும். வாங்கியதைத் தன் சோடிக்குத் தள்ளிவிடும். அந்தச் சோடியைப் பொடியாக்கி ஆழ்கடலில் கொட்டிவிட வேண்டும். பிடிமானம் இல்லாமல் மிதக்கிற பொடியால் எதைத் தள்ள முடியும்? கடல் ஒரு மயிரிழை சூடாகும், அவ்வளவுதான். பிடிகாரர்கள் சுண்டுவிரலால் மதகைத் திறந்தார்கள். கை வலிக்கவில்லை என்பதால் மேலக்கானலில் முன்பைவிடப் பத்து மடங்கு பெரிய மதகு வைத்தார்கள்.

"ஏழாம் நம்பர் பொடி கடலுக்குப் போகல" என்றார் வைதேகி. "ஒப்பந்தம் எடுத்தவர் அதை வித்துட்டார். வெள்ளையா, நைசா, மக்காத பொடி. எலும்புப்பசை செய்யுறவங்க வாங்கிக் கலந்துட்டாங்க. எலும்புக்குள்ள இறுகிப்போன பொடிக்குத் தள்ளுறதுக்கு எலும்புதான் இருக்கு."

சேர்மக்கனி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "என்னமோ பேசுதீய. எனக்கு வெளங்கும்படியா ஒருத்தர் சொல்லுங்க."

"ஒரு சின்னச் சோதனை, அம்மா" என்றார் ஜமீலா. "கையை மேசை மேல வைங்க."

வைதேகி கண்ணைக் காட்ட, மாசானமுத்து சுவரோரம் இருந்த சோதனைப் பிடிக்குப் போனார். சேர்மக்கனிக்கு முதுகைக் காட்டி நின்றார். அரை விரற்கடை திருகினார். மலையில் மதகின் ஓரமாக ஒரு சிறு அடைப்பு அந்த அளவுக்கு எழுந்திருக்கும்.

பின்னால் மேசை நகர்ந்த சத்தம் கேட்டது. சேர்மக்கனியின் ஐந்து விரலும் அவரைக் கேட்காமலே உள்ளே மடங்கி, மெதுவாக விரிந்தன.

"அய்யோ" என்றார் அவர், சத்தம் போடாமல். பிறகு, "இது எனக்குத் தெரியும். இது தெனமும் வரும். பன்னண்டு மணிக்கு வரும். நான் கடிகாரமே பாக்க மாட்டேன். கை திருகுனா ஒலையில அரிசி போடுவேன்."

அவர் பேசிக்கொண்டே போனார். "எம்புருசன் ஒரு மந்திரவாதிகிட்ட கூட்டிட்டுப் போனாரு. அவன் வெத்தலையில மை தடவிப் பாத்துட்டு, எவனோ தூரத்துல இருந்துக்கிட்டு உனக்குச் செய்வினை செய்யுதான்னு சொன்னான். மேக்க, மலைப் பக்கம் கை காட்டுனான். எம்மவ படிச்சவ. அவனைப் பித்தலாட்டக்காரன்னு ஏசிட்டு வந்துட்டா." திரும்பி மாசானமுத்துவின் முதுகைப் பார்த்தார். "தெனமும் எங்கையத் திருகுனது நீங்கதானா அண்ணாச்சி?"

மாசானமுத்து பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் இடது தொடைக்குள், சேர்மக்கனியின் விரல் மடங்கிய அதே நொடியில், யாரோ கட்டை விரலை வைத்து அழுத்தியிருந்தார்கள்.

அவருக்கு அது ஐந்தரை வருடப் பழக்கம். மதகு எழும்பும்போது தொடையில் ஒரு கனம் ஏறும். மதகு கீழே இறங்கித் தளத்தில் உட்காரும்போது நச்சென்று ஒரு தட்டு. அந்தத் தட்டு வந்ததும் நிறுத்திவிடுவார். மற்றவர்கள் அளவு முள்ளைப் பார்த்து நிறுத்துவார்கள். இரண்டு விரற்கடை முன்பின் ஆகிவிடும். அவருக்கு ஒருநாளும் ஆனதில்லை. வெளியூரிலிருந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். எப்படி என்று கேட்டால், "மனசு சொல்லும்" என்பார். வலி என்று ஒருநாளும் அதை அவர் நினைத்ததில்லை. தொழில் உடம்பில் ஏறிவிட்டது என்று நினைத்தார். விடுமுறை நாளிலும் பன்னிரண்டு மணிக்குத் தொடை கனக்கும்போது, வேலை மேல் தனக்கு அவ்வளவு பிடிப்பு என்று பெண்டாட்டியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"பெட்டியில பதினஞ்சு பொட்டலம் இருந்துச்சு" என்று ஜமீலா சொல்லிக்கொண்டிருந்தார். "ஒண்ணை மதுரையில ஒரு ஆஸ்பத்திரிக்கு அவசரத்துக்குக் கைமாத்தா குடுத்தேன். யாருக்குப் போட்டாங்கன்னு அங்க பதிவு இல்ல. பதினஞ்சாவது ஆள் இருக்காரா போயிட்டாரான்னு தெரியல."

மாசானமுத்து கயத்தாறு தாண்டி, பைக்கிலிருந்து லாரிக்கு அடியில் போனது ஐந்தரை வருடத்துக்கு முன்னால். கண் விழித்தது மதுரையில். தொடையில் பதினெட்டுத் தையல்.

"செத்தவங்க பங்கு என்ன ஆகும்?" என்று எபனேசர் கேட்டார். குரலில் கிண்டல் போய்விட்டது.

"எரிச்சா பொடி உதிர்ந்துடும். பாரம் மிச்ச ஆளுங்க மேல போகும். புதைச்சா கொஞ்ச நாள் மண்ணுக்குள்ள இருந்து தாங்கும். எலும்பு உளுத்துப்போற வரைக்கும்." ஜமீலா பக்கத்தைப் புரட்டினார். "புதைச்சவங்க மூணு பேர். காதர் மைதீன், ரோசம்மா, எஸ்தர்..."

"எஸ்தர் ஞானம்மாள்" என்றார் எபனேசர். "எங்கம்மா."

ஜமீலா நிமிர்ந்து பார்த்தார்.

"கல்லறை மேல போட்ட சிமிண்டுப் பலகை ரெண்டு தடவை வெடிச்சுது. கொத்தனாரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். மூணாவது தடவை நானே நின்னு கம்பி கட்டிப் போட்டேன்." எபனேசர் மூலையில் இருந்த சாம்பல் உறையைப் பார்த்தார். அதை இந்த அறைக்குள் இறக்கிய அன்று அதற்கு மாலை போட்டவர் அவர்தான். அந்தப் புகைப்படம் சங்க அலுவலகச் சுவரில் இன்னும் இருக்கிறது.

வைதேகி அதற்குமேல் இடம் கொடுக்கவில்லை. அவரிடம் நேரம் இல்லை. மூன்று நாளாக மலையில் மழை. சந்தேகம் வந்த நேற்றிலிருந்து மதகைத் தொடவில்லை. தண்ணீர் விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. இன்று மாலை நான்கு மணிக்குள் மதகை முழுதாகத் திறந்தாக வேண்டும். இல்லையென்றால் கரை போகும். கீழே பதினாறு ஊர். அணைக்கு நடந்து போக இரண்டு நாள். போனாலும் திருக அங்கே சக்கரம் இல்லை. புதுச் சுமைதாங்கி மாட்ட, மழை நின்று, வழி வெட்டி, மலையில் மதகுக் கல்லையும் அதற்கேற்ப மாற்ற ஆறு வாரம்.

"முழுசாத் திறந்தா வர்ற பாரம் ஐந்நூத்தம்பது கிலோ" என்றார். "புதைச்சவங்களை நம்பிக் கணக்குப் போட முடியாது. உயிரோட இருக்கிறது அஞ்சு பேர். ஆளுக்கு நூத்திப் பத்து."

"எலும்பை இரும்புச் சட்டத்துல பிணைச்சு, சட்டத்தைச் சுவத்துல பதிச்சா நூறு வரைக்கும் தாங்கும்" என்றார் ஜமீலா. "பாரம் சுவருக்குப் போயிடும். நூறுக்கு மேல நான் சொல்ல முடியாது. ஒருத்தருக்கு முறிஞ்சா அந்த நொடியே மிச்ச நாலு பேர் மேல ஏறும். அப்புறம் சீட்டுக்கட்டு சரியுற மாதிரிதான்."

"பசையைச் சுரண்டி எடுத்துட்டா?" என்று கேட்டது மாசானமுத்து. தன் குரல் யாரோ பேசுவதுபோல் அவருக்குக் கேட்டது.

"எடுக்கலாம். ஒரு மணி நேர வேலை. ரெண்டாவது தடவை பொடியானா சோடி அறுந்துடும், அவர் தப்பிச்சார். அவர் பங்கு மத்தவங்களுக்கு. எல்லாருக்கும் எடுத்துட்டா முழு அடியும் பிடிக்கே திரும்பும், மதகை யாராலும் திறக்க முடியாது."

"பதினஞ்சாவது ஆள் கிடைச்சா?" என்றார் மாசானமுத்து.

"ஆளுக்குத் தொண்ணூத்திரண்டு" என்றார் வைதேகி உடனே. முன்பே போட்டு வைத்த கணக்கு. "ஆனா அவரும் சட்டத்துல இருக்கணும். வெளியில எங்கேயாவது நடந்துகிட்டிருந்தா முதல் பத்து நொடியில அவர் எலும்பு போயிடும். அப்புறம் பழைய கணக்குதான்."

கீழே பண்டக அறையில் வெல்டிங் சத்தம் கேட்டது. பதினைந்தாவது ஆளுக்கும் சேர்த்து ஆறு சட்டம் செய்ய வைதேகி சொல்லியிருந்தார். மற்ற நான்கு பேரும் இரண்டு மணிக்குள் ஆம்புலன்சில் வந்துவிடுவார்கள்.

"நான் மாட்டேன்னு சொன்னா?" என்றார் சேர்மக்கனி.

ஜமீலா நோட்டை மூடினார். "நீங்க எங்க இருந்தாலும் நாலு மணிக்கு அது வரும்மா."

"அப்ப எங்கிட்ட கேக்கது எதுக்கு?" என்று சொல்லிவிட்டு சேர்மக்கனி இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

வராந்தாவில் மாசானமுத்து தண்ணீர்க் குழாய் பக்கம் ஒதுங்கி நின்றார். எபனேசர் பின்னாலேயே வந்து, ஒரு டம்ளர் பிடித்துக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"வே, உமக்குக் கைராசி எப்ப வந்துச்சு?"

"என்ன கேள்வி இது?"

"நானும் நீரும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தோம். முதல் பன்னண்டு வருசம் நீரு என்னைவிட மோசம். ஒருதரம் மதகைப் பாதியில விட்டுட்டு டீ குடிக்கப் போன ஆளு." எபனேசர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "கால் ஒடிஞ்சு வந்த பொறவுதான கைராசி வந்துச்சு?"

மாசானமுத்துவின் கை இடது தொடைக்குப் போனது.

"நான் எதையும் பாக்கல" என்றார் எபனேசர், குழாயைப் பார்த்தபடி. "சங்கம் உறுப்பினரைக் காட்டிக் குடுக்காது. மணி பன்னண்டரை. நாகர்கோவில்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தன் இருக்கான். ஒரு மணி நேர வேலைன்னு அந்தம்மாவே சொல்லிட்டு."

"பிடி யாரு பிடிப்பா?"

"நான்தான். வேற யாரு?" டம்ளரை நகர்த்தி வைத்து, "எங்கம்மா கல்லறையில எதாவது மிச்சம் இருந்தா அவளும் கொஞ்சம் தாங்குவா" என்றார். அதை வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தார். வரவில்லை.

மாசானமுத்து வெளியே வந்தபோது மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர். அவர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். நாகர்கோவில் போக ஒன்றே முக்கால் மணி நேரம். டாக்டரைப் பிடிக்க அரை மணி. சுரண்ட ஒரு மணி. மூன்றே முக்காலுக்கு அவர் வெறும் மனிதர். சேர்மக்கனிக்கு நூற்றுப் பத்து கிலோ. அவருக்கு அந்தப் பெண் யார்? காலையில் பார்த்த முகம். ஊரில் எத்தனையோ பேர் சாகிறார்கள். இதுவரை செத்த ஒன்பது பேருக்காக அவர் ஒரு வேளைச் சோற்றைக்கூடக் குறைத்துக்கொண்டதில்லை. தெரியாது என்பதால்தானே? இனிமேலும் தெரியாது என்று வைத்துக்கொண்டால் என்ன கெட்டுப்போகும்?

பேருந்து வந்தது. இடது காலைப் படியில் வைத்தார்.

அங்கே நிலையத்தில் எபனேசர், ஒரு நாள் முழுக்க அசையாமல் கிடந்த மதகு இறுகியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக, பிடியைக் கால் திருகு திருகியிருக்க வேண்டும். எந்தப் பிடிகாரரும் பெரிய திறப்புக்கு முன்னால் செய்வதுதான். மாசானமுத்துவின் தொடை அவருடையதாக இல்லாமல் போயிற்று. எலும்பு தனக்குள்ளேயே ஒரு பக்கமாகத் திரும்பப் பார்த்தது. கால் படியிலிருந்து நழுவி, முழங்கால் தார் ரோட்டில் மோதி, சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"மத்தியானத்துலயே ஊத்தியாச்சா அண்ணாச்சி?" என்றார் நடத்துநர். பிள்ளைகள் சிரித்தார்கள். நடத்துநர் விசில் ஊதினார். பேருந்து போய்விட்டது.

மாசானமுத்து இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக்கொண்டு, கால் ஊன்ற வரும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். கால் திருகுக்கே இப்படி. வழியில் மழைக்கு ஒரு மரம் விழுந்து பேருந்து நின்றுவிட்டால்? டாக்டர் சாப்பிடப் போயிருந்தால்? நான்கு மணிக்குச் சுரண்டல் பாதியில் இருந்தால்? முழுத் திறப்பு எப்படி இருக்கும் என்று அந்தத் தொடைக்குத்தான் தெரியும். போன நவம்பரில் பதினோரு பேராக இருந்து தாங்கியபோதே மூன்று நாள் படுக்கையில் கிடந்தார். வாயு என்று சொன்னார்கள்.

இரும்புச் சட்டம் இருக்கும் இடம் உலகத்தில் ஒன்றுதான்.

அவர் எழுந்து திரும்பி நடந்தார். இதைப் பிற்பாடு தியாகம் என்று யாராவது எழுதினால் அது பொய். பயந்துபோய்த் திரும்பினார். சேர்மக்கனியின் விரல்கள் மடங்கியது நடு வழியில் ஒருமுறை நினைவுக்கு வந்தது உண்மை. அதற்காகக் கால் வேகமாக நடந்ததா என்றால், இல்லை. நொண்டிக்கொண்டு அவ்வளவுதான் நடக்க முடிந்தது.

பண்டக அறை வாசலில் வைதேகி கையில் தாளோடு நின்றார். இரும்புச் சூட்டின் வாடை. உள்ளே வெளிச்சமாக இருந்தது.

"பதினஞ்சாவது ஆள் நான்தான் மேடம். தொடையில."

வைதேகி அதிர்ச்சி எதையும் காட்டவில்லை. தாளில் நூற்றுப் பத்தை அடித்துவிட்டுத் தொண்ணூற்றிரண்டு என்று எழுதினார். எழுதிய பிறகுதான் மூச்சு விட்டார். "எப்பலேர்ந்து தெரியும்?"

"காலையில இருந்து." யோசித்துவிட்டு, "அஞ்சரை வருசமா" என்றார்.

"ஆறு வாரம்தான். புதுக்கல்லு வந்ததும் எல்லாருக்கும் எடுத்துடலாம். சாப்பாடு, டிவி, டாக்டர் எல்லாம் உள்ளேயே. ஆனா கதவு பூட்டிதான் இருக்கும். ஒருத்தர் போய்ச் சுரண்டிக்கிட்டா மத்தவங்க செத்தாங்க. அதனால..."

"பூட்டுங்க" என்றார் மாசானமுத்து. "நான் பஸ் ஸ்டாண்டுல இருந்துதான் வாரேன்."

வைதேகி முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார். பிறகு, பழக்கத்தில், நாக்கால் கிராம்பைக் கடைவாயின் மறுபக்கம் தள்ளினார்.

"உங்களுக்குப் பல்லு எத்தனை நாளா வலிக்கி மேடம்?"

"பசை வச்சு அடைச்ச பல்லுதான். ரெண்டு வருஷமா இருக்கு. வலிச்சா வலிக்கும், இல்லன்னா இல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு..." அவர் நிறுத்தினார்.

ஆறு மணிக்கு வடக்கே துறைமுகத்தில் பாரந்தூக்கிகள் வேலையைத் தொடங்கும். அங்கே வேறு நிலையம், வேறு சுமைதாங்கி. நாட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு சுமைதாங்கிகள். பொடி கடலுக்குப் போனதற்கான ரசீது எல்லாவற்றுக்கும் கோப்பில் இருந்தது. ஏழுக்கும் இருந்தது.

வைதேகியின் கை தாடைக்குப் போனது. எடுக்கவில்லை.

மாசானமுத்து அவரைத் தாண்டி உள்ளே போனார். சுவரோரம் ஆறு சட்டம். ஐந்தில் ஆள் இருந்தது. ஒரு கிழவர் முதுகைப் பிணைத்து நிற்க, இரண்டு பேர் இடுப்பு இறுக்கப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரி வயதுப் பெண் ஒருத்திக்கு முழங்கால். சேர்மக்கனியின் மணிக்கட்டு இரண்டு தகடுகளுக்கு நடுவே இருந்தது. அவர் பக்கத்துச் சட்டம் காலி. ஜமீலா அதில் மாசானமுத்துவின் தொடையை வைத்துத் திருகாணிகளை முறுக்கினார். வேலை முடிந்ததும், யார் முகத்தையும் பார்க்காமல், நீல நோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

"நீங்களா?" என்றார் சேர்மக்கனி.

"ஆமா."

"அப்ப உங்களுக்கும் தெனம் வலிச்சுதா அண்ணாச்சி?"

"வலிச்சுது."

"வலிக்க வலிக்கவா திருகுனீய?"

"அது வலின்னு தெரியல. கைராசின்னு நெனைச்சேன்."

சேர்மக்கனி அவரை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று மாசானமுத்து காத்திருந்தார். "மணி என்ன?" என்று மட்டும் கேட்டார்.

"மூணே கால்."

"இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு." அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வாசலில் வைதேகி மேலே பார்த்து, கட்டுப்பாட்டு அறைக்குக் கையை உயர்த்தினார். இன்னொரு கை தாடையிலேயே இருந்தது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மேல்மாடியில் யாரோ, இருபது வருடமாகச் செய்துவருவதுபோலவே, விரலால் ஒரு திருகு திருகினார்கள்.

பூட்டு விழுந்த சத்தம் காதுக்கு எட்டுமுன்பே அது மாசானமுத்துவின் தொடையில் விழுந்தது. கிழவர் பல்லைக் கடித்தார். அந்தப் பெண் "ஸ்" என்றாள். சேர்மக்கனியின் விரல்கள் தகடுகளுக்கு வெளியே மெதுவாக மடங்கி, மெதுவாக விரிந்தன.